ஈஸ்டர் கப் கேக்கும் கொழும்பு வெக்கையும்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போக, உயிர்த்த ஞாயிறு காலையில்கூட அரை மணித்தியாலம் ஆகிவிடும். அந்த அரை மணித்தியாலத்தில் பன்னிரண்டு கப் கேக்கின் பட்டர் ஐசிங்கும் வழிந்து, பெட்டியின் அடியில் மஞ்சள் குளமாகத் தேங்கியது எனக்கு நடந்த கதை. கல்யாணமான முதல் வருடம் அது. மாமி பெட்டியைத் திறந்தார், ஒரு கணம் பார்த்தார், "பரவாயில்லை பிள்ளை, கரண்டி கொண்டு வாறன்" என்றார். எல்லாரும் கிண்ணத்தில் போட்டுத்தான் சாப்பிட்டோம்.

செய்முறையை நான் அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருந்தேன். ஆனால் அது குளிர் நாட்டுச் செய்முறை. அங்கே ஈஸ்டர் வரும்போது பனி விலகி, ஜன்னலைத் திறந்தால் குளிர் காற்று வரும். இங்கே பகலில் 31, 32 பாகை, உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, பின்னேரம் இடிமழை. பட்டர் உருகத் தொடங்குவதும் கிட்டத்தட்ட அதே 32 பாகையில்தான். படத்தில் அழகாகத் தொங்கும் க்ரேப் தாள் தோரணம், புல்லுக்குள் ஒளித்து வைத்த சொக்லேட் முட்டை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே முதல் தடவை வீட்டை அலங்கரித்து, சின்ன மேசை அவனில் (oven) கேக் சுடப்போகிறவர்கள், வேலையை வெயிலோடு ஒத்துப்போகிற மாதிரி அடுக்கிக்கொள்ள வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் நாள் பார்க்க வேண்டும்

ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் இடம் மாறும். மார்ச் 21ஆம் திகதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது திருச்சபையின் கணக்கு. நமக்கு இது லேசு. கலண்டரில் போயாவை, அதாவது பௌர்ணமி விடுமுறையைத் தேடி, அதற்குப் பின்னால் வரும் ஞாயிற்றைப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. கடைசியாகச் சொன்ன மாதிரி ஏப்ரல் நடுவில் வந்தால் கவனம்: புத்தாண்டுக்கு முந்திய கிழமை புறக்கோட்டையில் கால் வைக்க இடமிருக்காது, 13, 14இல் கடைகளே இருக்காது. பெரிய வெள்ளி அரசாங்க விடுமுறை. ஆகவே சாமான் வாங்குவதைப் பெரிய புதனுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

கப் கேக் தாள், பைப்பிங் பை, ரிபன், திறந்து மூடும் பிளாஸ்டிக் முட்டை எல்லாம் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மலிவு. ஞாயிறும் போயாவும் பல கடைகள் பூட்டு. பட்டர், மா, ஐசிங் சீனி எல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கினால் போதும். புறக்கோட்டையில் பட்டர் வாங்கி 100ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டு வருவது புத்திசாலித்தனமல்ல.

சாமான் இருக்கிறதே என்று உடனே கட்டத் தொடங்கவும் வேண்டாம். தவக்காலம் முடியும்வரை வீடு சும்மாதான் இருக்க வேண்டும். பெரிய வெள்ளியன்று முட்டைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தால் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பார்ப்பார்கள், அது போதும். எங்கள் வீட்டில் எல்லா வேலையும் பெரிய சனி காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அது நல்லதுதான். அந்த நேரத்தில்தான் குசினி கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும்.

முட்டையிலிருந்து தொடங்குவோம்

கேக்குக்கு இரண்டு முட்டை வேண்டும். அலங்காரத்துக்கு வெறும் கோது வேண்டும். இரண்டையும் ஒரே முட்டையில் எடுக்கலாம்.

முட்டையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தடித்த ஊசியால் மேலே ஒரு சின்ன ஓட்டை, கீழே அதைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் குத்திக் கலக்குங்கள், இல்லாவிட்டால் வெளியே வராது. பழைய முறை வாயால் ஊதுவது. பச்சை முட்டையில் வாய் வைப்பதை நான் விட்டு வருடங்களாகிவிட்டன. பார்மசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் கிடைக்கும். அதன் நுனியை மேல் ஓட்டையில் வைத்துக் காற்றை மெதுவாக அழுத்தினால், கீழ் ஓட்டை வழியாக எல்லாம் கிண்ணத்தில் இறங்கிவிடும். அந்தக் கிண்ணத்தை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், அன்று காலையே கேக்குக்குள் போக வேண்டும். கோதுக்குள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். இந்த வேலையைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் திங்கட்கிழமை வீடு நாறும்.

சாயத்துக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. பெரிய வெங்காயத் தோல் இரண்டு கைப்பிடி, இரண்டு கப் தண்ணீர், இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் செங்கல் நிறம். மஞ்சள் தூள் இரண்டு மேசைக்கரண்டி போட்டால் மஞ்சள். சிவப்புக் கோவா வெட்டிப் போட்டால், பானையில் ஊதாவாக இருக்கும் தண்ணீர் கோதில் நீலமாகப் பிடிக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வித்தை இல்லை. பீட்ரூட் மட்டும் ஏமாற்றும், காய்ந்ததும் பழுப்படித்த ரோசாவாகிவிடும். வடித்த தண்ணீர் ஆறியபிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேருங்கள். கோது சுண்ணாம்பு, வினாகிரி அதன் மேற்பரப்பை லேசாக அரிப்பதால்தான் நிறம் ஒட்டுகிறது. வெள்ளை முட்டையில் நிறம் பளிச்சென்று இருக்கும், சிவப்பு முட்டையில் கொஞ்சம் மங்கல்.

வெறும் கோது மிதக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. முதலில் அதைச் சாயத் தண்ணீருக்குள் சரித்துப் பிடித்து, உள்ளேயும் தண்ணீர் புகவிடுங்கள். அப்புறம் மேலே ஒரு சின்னச் சோசரைக் கவிழ்த்து வையுங்கள். அரை மணித்தியாலம் காணும், ஒரு மணித்தியாலம் விட்டால் இன்னும் ஆழமான நிறம்.

தொங்கவிட ஒரு தீக்குச்சி போதும். அதை அரைவாசியாக முறித்து நடுவில் நூலைக் கட்டுங்கள். குச்சியை நெடுக்குவாட்டில் பெரிய ஓட்டைக்குள் விட்டு நூலை மெதுவாக இழுத்தால், உள்ளே அது குறுக்கே திரும்பி இறுகிக்கொள்ளும். பசை வேண்டாம், டேப் வேண்டாம். பால்மா டின் ஒன்றில் மணல் நிரப்பி, காய்ந்த கொய்யாக் கிளையோ வேறு ஏதாவது கிளையோ நட்டு, அதில் ஏழெட்டு முட்டை தொங்கவிட்டால் வரவேற்பறைக்கு அது போதும். டின்னுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய தட்டு ஒன்று வையுங்கள். எவ்வளவு கழுவினாலும் எறும்பு கண்டுபிடித்துவிடும்.

சுவர், ஜன்னல், காற்றாடி

வாடகை ஃபிளாட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். கடலோரமென்றால் சுவரின் ஈரத்தில் டேப்பும் நிற்காது. இரவில் ஒட்டினால் காலையில் நிலத்தில் கிடக்கும். மிஞ்சுவது ஜன்னல் கிறில். கிறிலுக்குக் கிறில் நூல் கட்டி அதில் தொங்கவிடுங்கள். க்ரேப் தாளை மட்டும் வாங்காதீர்கள். ஏப்ரல் பின்னேர மழையில் சாரல் பட்டால் சாயம் இறங்கி வெள்ளைச் சுவரில் கோடு போடும். எங்கள் முன்னைய வீட்டின் முற்பணத்தில் அந்தக் கோட்டுக்காகக் கழிக்கப்பட்ட தொகையை நான் இன்னும் மறக்கவில்லை. பழைய வொயில் சேலை, தைத்து மிஞ்சிய துண்டுகள், இவற்றை முக்கோணமாக வெட்டி நூலில் தைத்தால் ஒவ்வொரு வருடமும் எடுத்துக் கட்டலாம். திருச்சபை மரபில் உயிர்ப்பு விழாவுக்கு வெள்ளையும் பொன்னிறமும். அந்த இரண்டோடு இன்னொரு நிறம் போதும்.

காற்றாடிக்கு எட்டும் தூரத்தில் எதையும் தொங்கவிட வேண்டாம். இந்த வெக்கையில் அதை நிறுத்தி வைக்க யாராலும் முடியாது.

தென்னங்குருத்துத் தோரணம் கட்ட ஆசையென்றால் கட்டுங்கள், அது நம்முடையது. ஆனால் மங்கலத் தோரணத்தின் மடிப்பு வேறு, இழவு வீட்டுத் தோரணத்தின் மடிப்பு வேறு. தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டுக் கட்டுவது நல்லது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்த ஓலையை இதற்கு வெட்டாதீர்கள். அதைச் சிலுவையாக மடித்து சுரூபத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். அடுத்த விபூதிப் புதனுக்கு அதை எரித்துத்தான் சாம்பல் எடுப்பார்கள்.

பூவுக்கு, படத்தில் பார்க்கும் லில்லியைத் தேடி அலைய வேண்டாம். நந்தியாவட்டை, மல்லிகை, வெள்ளைச் செவ்வந்தி, எது கிடைத்தாலும் சரி. மல்லிகையை நேரத்தோடு வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

மேசை நடுவில் முயலை வைப்பதா, மெழுகுதிரியை வைப்பதா என்று கேட்டால் நான் மெழுகுதிரி பக்கம். முயல் ஜேர்மன் நாட்டுப் பழக்கத்திலிருந்து வந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மூலையில் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். சனி இரவு பாஸ்கா திருவிழிப்பில் கையில் ஏந்திய மெழுகுதிரியின் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக் குவளையில் மணல் போட்டு நட்டால், காற்றாடிக் காற்றுக்கும் அணையாமல் நிற்கும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலை 8.45க்கு அந்தத் திரியை ஏற்றிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். கேக் பெட்டியைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

கேக்

பட்டர் 227 கிராம் கட்டியாக வரும், அதாவது பழைய அரை இறாத்தல். கட்டியைச் சரிபாதியாக வெட்டுங்கள். ஒரு பாதி கேக்குக்கு, மறுபாதியை ஐசிங்குக்காகத் திரும்ப ஃபிரிட்ஜில் வையுங்கள். இங்கே கிடைக்கும் பட்டர் பெரும்பாலும் உப்புப் போட்டது, ஆகவே தனியாக உப்பு வேண்டாம்.

பன்னிரண்டு கப் கேக்குக்கு அந்தப் பாதி பட்டரோடு 115 கிராம் சீனி, 115 கிராம் கோதுமை மா, காலையில் எடுத்து வைத்த இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி பால், ஒரு தேக்கரண்டி வனிலா. ஒரு தேசிக்காயின் பச்சைத் தோலையும் துருவிப் போடுவேன். நம் சீனி பருமணி, பட்டரில் லேசில் கரையாது. மிக்ஸியில் பத்து விநாடி அடித்தெடுங்கள்.

"பட்டரை அறை வெப்பநிலையில் ஒரு மணித்தியாலம் வையுங்கள்" என்று எந்தச் செய்முறை சொன்னாலும் கேட்க வேண்டாம். அவர்களுடைய அறை 20 பாகை, நம்முடையது 30. ஒரு மணித்தியாலம் வைத்தால் எண்ணெய்தான் மிஞ்சும், எண்ணெயில் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் கேக் கட்டையாக வரும். துண்டு துண்டாக வெட்டி பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் மினுக்கம் ஒட்டக்கூடாது. அந்தப் பதம்தான்.

பட்டரையும் சீனியையும் நாலைந்து நிமிடம் அடியுங்கள். மஞ்சள் நிறம் வெளுத்து, பொங்கிய மாதிரி வரும். வனிலாவையும் தேசித்தோலையும் சேருங்கள். அடித்த முட்டையை ஒரேயடியாக ஊற்றாமல் நாலு தடவையாகச் சேருங்கள். இடையில் தயிர் திரிந்த மாதிரித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒரு கரண்டி மாவைப் போட்டு அடித்தால் சேர்ந்துவிடும். பேக்கிங் பவுடர் கலந்து அரித்த மாவைப் பாலோடு மாற்றி மாற்றிச் சேர்த்து, இனி மெஷினை வைத்துவிட்டுக் கரண்டியால் மடித்துக் கலவுங்கள். மா மறைந்தால் போதும், அதற்குமேல் கிண்ட வேண்டாம். தாள்களில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள்.

மேசை அவனுக்கு இரண்டு சொல். பதினைந்து நிமிடம் 180 பாகையில் சூடாக்கியபிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். மேல் கம்பி கேக்குக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் மேல் கருகி நடு பச்சையாக நிற்கும். ஆகவே கீழ்த் தட்டில் வையுங்கள், பன்னிரண்டாம் நிமிடத்தில் மேலே ஒரு ஃபொயில் தாளைப் போடுங்கள். பெரும்பாலும் ஆறாறாகத்தான் சுட முடியும். காத்திருக்கும் கலவையை ஃபிரிட்ஜில் வையுங்கள். பதினெட்டு முதல் இருபது நிமிடத்தில் ஈர்க்கைக் குத்திப் பார்த்தால் சுத்தமாக வர வேண்டும். குத்துவதற்கு முன் கதவைத் திறந்து திறந்து பார்ப்பவர்களின் கேக் நடுவில் குழி விழும்.

பக்கத்து வீட்டில் சைவக்காரர் இருந்தால் ஒரு தொகுதியை முட்டையில்லாமல் சுடுங்கள்: இரண்டு முட்டைக்குப் பதிலாக அரைக் கப் சீனியில்லாத தயிரும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும். கொஞ்சம் ஈரமாக வரும், ருசி குறையாது. முஸ்லிம் வீட்டுக்குப் போகிற தட்டில் மார்ஷ்மெலோ, ஜெலி மாதிரி எதையும் போடும் முன் ஹலால் முத்திரை பாருங்கள். சில வனிலா எசன்ஸில் மதுசாரம் இருக்கும், போத்தலின் பின்பக்கத்தையும் வாசித்துவிடுங்கள்.

வழியாத ஐசிங்

முதல் தடவை சுடுகிறவர்களுக்கு என் அறிவுரை, பட்டர் ஐசிங்கை விட்டுவிடுங்கள் என்பதுதான். 150 கிராம் ஐசிங் சீனியை அரித்து, தேசிப்புளியை ஒவ்வொரு தேக்கரண்டியாக நாலைந்து விட்டுக் குழையுங்கள். கரண்டியிலிருந்து விழும் கோடு ஐந்து விநாடி தெரிந்து மறைய வேண்டும். முழுவதும் ஆறிய கேக்கின் மேல் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் தானே பரவும். காற்றாடிக்குக் கீழே ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மேல் காய்ந்துவிடும். கொழுப்பே இல்லாததால் உருக ஒன்றுமில்லை. ஓட்டோவிலும் போகும், பஸ்ஸிலும் போகும். நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூளோ இரண்டு துளி பீட்ரூட் சாறோ போதும்.

சுருள் சுருளாகப் பட்டர் ஐசிங் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், எடுத்து வைத்த பாதியிலிருந்து 60 கிராம் பட்டரும் அதேயளவு வெள்ளை வெஜிடபிள் ஷோர்ட்னிங்கும் 240 கிராம் ஐசிங் சீனியும் சேர்த்து அடியுங்கள். ஷோர்ட்னிங் பட்டரைவிட அதிக சூட்டில்தான் உருகும், அதனால் உருவம் நிற்கும். பைப்பிங் பையைக் கையால் முழுவதும் பொத்திப் பிடிக்காதீர்கள், உள்ளங்கைச் சூடே அதை இளக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள், மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

மேலே வைக்க ஒரு குருவிக்கூடு. உலர்ந்த தேங்காய்த் துருவலை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் பொன்னிறமாக வறுத்து, ஐசிங் காய்வதற்கு முன் வட்டமாகத் தூவுங்கள். பச்சைத் தேங்காய்ப்பூ வேண்டாம், இந்த வெக்கையில் மாலைக்குள் புளித்துவிடும். கூட்டுக்குள் வைக்கும் குட்டி முட்டைகள் கஜுவில். நம் வீடுகளில் கிறிஸ்மஸ் கேக்குக்குப் போடும் "அல்மண்ட் ஐசிங்" பெரும்பாலும் கஜுதானே, அதே பக்குவம். 100 கிராம் கஜுவை விட்டு விட்டு அரையுங்கள், தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கக்கும். 100 கிராம் ஐசிங் சீனி, இரண்டு துளி அல்மண்ட் எசன்ஸ், பன்னீர் ஒரு தேக்கரண்டியில் தொடங்கித் தேவைக்கு. கையில் ஒட்டாத உருண்டையாக வந்ததும் சுண்டு விரல் நகம் அளவில் உருட்டுங்கள். ஒரு கூட்டுக்கு மூன்று. சொக்லேட் முட்டையைவிட மலிவு என்று சொல்லமாட்டேன், கஜு விலை தெரிந்ததுதான். ஆனால் உருகாது.

கொண்டு போவதும் வைப்பதும்

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பெட்டியைத் திறந்தால், கொழும்புக் காற்றிலுள்ள ஈரமெல்லாம் குளிர்ந்த ஐசிங்கில் முத்து முத்தாக வேர்த்து, நிறம் கலங்கிவிடும். மூடிய பெட்டியை அரை மணித்தியாலம் அப்படியே வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். பெட்டிக்குள் கேக் ஆடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் நடுவில் தாளைக் கசக்கி வையுங்கள். பூசைக்குப் போகும்போது பெட்டியைக் கையில் கொண்டு போக வேண்டாம். வாசலில் பைகளைச் சோதிக்கும் வரிசையில் நின்று திறந்து காட்டுவதற்குள் பாதி அழகு போய்விடும். முதலில் பூசை, பிறகு வீட்டுக்கு வந்து பெட்டியோடு சொந்தக்காரர் வீடு.

அயலாருக்குக் கொடுக்கும் தட்டின் அடியில் பெயரெழுதி ஒட்டுங்கள். வெறுந்தட்டாக யாரும் திருப்பித் தரமாட்டார்கள், புத்தாண்டுப் பலகாரத்தோடுதான் வரும், அதற்குள் எது யாருடைய தட்டு என்று மறந்துபோகும்.

தேசிப்புளி ஐசிங் போட்டது மூடிய டப்பாவில் வெளியே ஒரு நாள் இருக்கும். பட்டர் ஐசிங் என்றால் ஃபிரிட்ஜில் மூன்று நாள். முட்டைக் கோதுகளைக் கிளையிலிருந்து கழற்றி, நூலோடு சேர்த்து முட்டைத் தட்டிலேயே அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கட்டி அலுமாரியின் மேல் வையுங்கள். எங்களிடம் இருக்கும் பழைய கோதுக்கு ஆறு வயது. அதன் வெங்காயத்தோல் நிறம் இன்னும் மங்கவில்லை, நூலை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம்.